வீட்டுக் காரும் காப்பீட்டுப் பத்திரமும்



நம் கடற்கரை ஊர்களில் ஒரு குடும்பத்தினர் புதிதாகக் கார் வாங்கினால், அதை முதலில் கொண்டுவந்து நிறுத்துவது ஆலய முற்றத்தில்தான். பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார். கண்ணாடியருகே ஜெபமாலை தொங்குகிறது. உற்றாருக்கு மக்ரூன் வழங்கப்படுகிறது. இவையெல்லாம் நல்ல வழக்கங்களே. ஆயினும் விற்பனை நிலையத்தார் கையில் கொடுத்த காகிதக் கட்டு பிரிக்கப்படாமலே காரின் முன்பெட்டிக்குள் போய்விடுகிறது. அதனுள் இருக்கும் காப்பீட்டுப் பத்திரத்தைப் புதுப்பிக்கும் நாள் வரை எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அன்றும், கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்ற ஒரே வரியோடு கண் நின்றுவிடுகிறது.

ஒரு காலத்தில் தூத்துக்குடியில் கார் என்பது கப்பல் முகவர், உப்பள முதலாளி, மருத்துவர் போன்றோரின் வாசலில் மட்டுமே நின்றது. இன்று மாலுமியின் வீட்டிலும் ஆசிரியையின் வீட்டிலும் விசைப்படகு உரிமையாளரின் வீட்டிலும் நிற்கிறது. ஒருவர் பெயரில் உள்ள காரை ஒரு குடும்பமே ஓட்டுகிறது. கப்பலுக்குப் போன மகனின் காரைத் தம்பி எடுக்கிறான். திருமண வேலையாக மைத்துனர் எடுக்கிறார். மருத்துவமனைக்குச் செல்ல அண்டை வீட்டார் இரவல் கேட்கிறார். இவர்களுள் யாரை அந்தப் பத்திரம் காக்கிறது, யாரைக் கைவிடுகிறது என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

அயலானுக்காகப் பிறந்த சட்டம்

துறைமுகத்தை நம்பி வாழும் நமக்குக் காப்பீடு என்ற எண்ணம் புதிதன்று. கப்பலில் சரக்கு ஏற்றுகிறவர் தம் பொருளைக் காத்துக்கொள்ளக் காப்பீடு செய்கிறார். மோட்டார் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியதன் நோக்கம் இதனின்று வேறானது. காரின் முன்னே நடந்து செல்லும் அயலான் அடிபட்டால், அவனுக்கோ அவன் குடும்பத்திற்கோ இழப்பீடு தவறாமல் கிடைக்க வேண்டும் என்பதே அந்த நோக்கம். இங்கிலாந்தில் 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதை ஏற்படுத்தியது. நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கான பகுதி சேர்க்கப்பட்டு, 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. காப்பீடின்றி வாகனம் ஓட்டினால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நிறுவனமும் வாகன உரிமையாளரும் ஒப்பந்தம் செய்துகொண்ட இரு தரப்பினர். ஒப்பந்தத்தில் சேராத வெளியாரை மூன்றாம் நபர் என்கிறோம். துறைமுகச் சாலையில் சைக்கிளில் செல்லும் உப்பளத் தொழிலாளி ஒருவர் நம் கார் மோதி இறந்தால், அவருடைய வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் ஆகியவற்றைக் கணக்கிட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையை விதிக்கும். அது பல லட்சமாக இருக்கக்கூடும். உயிருக்கும் உடலுக்கும் நேரும் தீங்கிற்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் உச்ச வரம்பு கிடையாது. விதிக்கப்பட்டதை நிறுவனம் செலுத்த வேண்டும். பிறர் பொருளுக்கு நேரும் சேதத்திற்குக் காரைப் பொறுத்தவரை 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்புண்டு.

இந்தக் காப்பீட்டின் கட்டணத்தை நிறுவனங்கள் தம் விருப்பப்படி வைப்பதில்லை; அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, தனியார் காருக்கு ஓராண்டுக் கட்டணம் 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய். 1,000-க்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். இதோடு 18 விழுக்காடு வரியும் சேரும். சென்னையிலும் தூத்துக்குடியிலும், ஒரு நிறுவனத்திலும் மறு நிறுவனத்திலும் இத்தொகை ஒன்றே. ஆகவே, 'நான் குறைத்து வாங்கித் தருகிறேன்' என்று மூன்றாம் நபர் காப்பீட்டிற்குத் தரகர் எவரேனும் சொன்னால் எச்சரிக்கையாயிருங்கள். போலிப் பத்திரமாகவும் இருக்கலாம். வாகன எண்ணைக் கொண்டு அரசின் பரிவாகன் தளத்தில் காப்பீடு பதிவாகியுள்ளதா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

இரு பகுதிகள்

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உடையவரின் கார் சுவரில் மோதி நொறுங்கினால், அவருக்கு ஒரு காசும் கிடைக்காது. திருட்டு, தீ, வெள்ளம், சொந்த விபத்து ஆகியவற்றால் காருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வது சொந்தச் சேதக் காப்பீடு. இவ்விரு பகுதிகளும் சேர்ந்ததையே மக்கள் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்றும், நிறுவனத்தார் பேக்கேஜ் பாலிசி என்றும் சொல்கின்றனர்.

புதுக் கார் வாங்கியோர் ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு வேண்டித் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டுகளுக்கும் புது இருசக்கர வாகனத்திற்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரே தடவையில் எடுக்க வேண்டும். சொந்தச் சேதப் பகுதியோ பெரும்பாலும் ஓராண்டுக்கே எழுதப்படுகிறது. 'மூன்று வருடம் கட்டியாயிற்று' என்று நிம்மதியாக இருப்பவரின் காருக்கு இரண்டாம் ஆண்டில் சொந்தச் சேதக் காப்பு இல்லாமலிருக்கலாம். பத்திரத்தில் இரு பகுதிகளுக்கும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ள முடிவு நாள்களைப் பார்த்து, நாள்காட்டியில் குறித்துக்கொள்வது நன்று.

ஓட்டுகிறவர் யார்?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குடியேறியுள்ள நம் உறவினர், கார்க் காப்பீட்டைப் பற்றி வேறு விதமாகப் பேசுவதைக் கேட்டிருப்போம். அங்கெல்லாம் காரை ஓட்டும் வீட்டார் யார் யார் என்று நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். மகனுக்கு உரிமம் கிடைத்ததும் அவன் பெயரைச் சேர்த்தால் பிரீமியம் கிடுகிடுவென ஏறும். சேர்க்காமல் விட்டால் விபத்தின்போது சிக்கல் எழும்.

நம் நாட்டில் காப்பீடு காரின் மீது எழுதப்படுகிறது. உரிமையாளரோ, அவர் இசைவோடு வேறு எவருமோ, அந்த வகை வாகனத்திற்குச் செல்லுபடியாகும் உரிமம் வைத்திருந்து ஓட்டினால் பத்திரம் செல்லும். தம்பி, மருமகள், மைத்துனர் என்று பெயர்களைச் சேர்க்க வேண்டியதில்லை. இருபது வயது மகன் ஓட்டுகிறான் என்பதற்காக மூன்றாம் நபர் கட்டணம் ஏறுவதும் இல்லை. பழகுநர் உரிமம் உடையவரும் விதிப்படி 'எல்' பலகை வைத்து, உரிமம் பெற்ற ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு ஓட்டினால் காப்பு உண்டு.

இந்தத் தாராளம் முழுவதும் உரிமம் என்ற ஒரே ஆணியில் தொங்குகிறது. அந்த ஆணி கழன்றால் நடப்பது யாது? 2004-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஓட்டியவரிடம் உரிமம் இல்லை என்பதற்காக, அடிபட்ட அயலான் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. நிறுவனம் முதலில் அவனுக்குச் செலுத்திவிட்டு, உரிமையாளர் தெரிந்தே நிபந்தனையை மீறியிருந்தால், அத்தொகையை அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். அதாவது, காப்பீடு இருந்தும் கடன் உரிமையாளரின் தலையில் விழும். உரிமமில்லாதவன் கையில் அரைமணி நேரம் கொடுத்த சாவிக்காக, கப்பலில் உழைத்துக் கட்டிய வீட்டை விற்க நேரலாம். காரின் சொந்தச் சேதத்திற்கும் அப்போது ஒன்றும் கிடைக்காது.

பதினேழு வயது மகன் 'கடற்கரைச் சாலையில் ஒரு சுற்றுதானே' என்று கேட்கையில் தாய் தந்தையர் இதை நினைக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி, பதினெட்டு நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ உரிமையாளரோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அடையலாம். வாகனப் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு நீக்கப்படும். அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. வீட்டின் முதியோரையும் மறந்துவிட வேண்டாம். 55 வயதைக் கடந்தோருக்கு உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படுகிறது. பல ஆண்டுகள் பழுதின்றி ஓட்டிய பாட்டனாரின் உரிமம் காலாவதியாகியிருந்தால், அவருடைய அனுபவத்தைப் பத்திரம் கணக்கில் கொள்ளாது.

இன்னும் இரண்டு செயல்கள் சொந்தச் சேதக் காப்பைக் குலைக்கும். ஒன்று, குடித்துவிட்டு ஓட்டுதல். மற்றொன்று, சொந்தப் பயன்பாட்டிற்கென்று பதிவு செய்த வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு விடுதல். திருவிழாக் காலத்தில் தெரிந்தவர்தானே என்று திருச்செந்தூருக்கோ மதுரைக்கோ பணம் பெற்றுக் காரை அனுப்புவோர் உண்டு. வாடகைக்கோ ஊதியத்திற்கோ பயன்படுத்தக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது.

உள்ளே அமர்ந்திருப்போர்

காருக்குள் நம் மனைவி மக்கள் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு அடிபட்டால்? மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், தனியார் காரில் இலவசமாகப் பயணம் செய்வோருக்கு அது பொதுவாக உதவாது. பேக்கேஜ் பாலிசி இருந்தால் காரில் அமர்ந்திருப்போருக்கான பொறுப்பும் அதில் அடங்கும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் நிறுவனங்களுக்கு விளக்கியது. 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டியது. சில ஆயிரம் ரூபாயைச் சேமிக்கப் பழைய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும் என்று எண்ணுவோர், இழக்கப்போவது தகரத்தின் மதிப்பை மட்டும் என்று கருத வேண்டாம்.

உரிமையாளர் தாமே ஓட்டி, தம் தவற்றால் விபத்துக்குள்ளானால், அவர் தமக்கே மூன்றாம் நபர் ஆக இயலாது. அதற்காகவே உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு என்ற ஒன்று கட்டாயமாக்கப்பட்டுள்ளது. முன்பு காருக்கு 2 லட்சம் ரூபாயாக இருந்த இக்காப்பு, 2018-இல் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒருவருக்கு இரண்டு, மூன்று வாகனங்கள் இருந்தாலும் ஒன்றே போதும்.

நம் குடும்பங்கள் பல தவறவிடும் இடம் இதுதான். இக்காப்பு உரிமையாளர் பேரில் எழுதப்படுகிறது. அவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்கவும் வேண்டும். காரை மனைவி பெயரிலோ தாயார் பெயரிலோ பதிவு செய்வது நம்மிடையே வழக்கம். அந்த அம்மையாருக்கு உரிமம் இல்லையெனில் இந்தக் காப்பிற்கே இடமில்லை. நாள்தோறும் ஓட்டுகிற கணவருக்கு அந்த 15 லட்சம் ரூபாய்க் காப்பு இருப்பதாகக் குடும்பம் எண்ணிக்கொண்டிருக்கும். பத்திரத்தில் அது இராது.

இரவல் வாங்கி ஓட்டுகிறவரின் நிலையும் இத்தகையதே. கர்நாடகத்தில் ஒருவர் வேறொருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கி ஓட்டிச் சென்று, முன்னே சென்ற மாட்டுவண்டியில் மோதி இறந்தார். அவர் மனைவி தொடுத்த நிங்கம்மா வழக்கில், 2009-இல் உச்ச நீதிமன்றம், இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று கூறியது. எனவே எந்தப் பிழையையும் மெய்ப்பிக்காமல் இழப்பீடு பெறும் பிரிவின்கீழ், அந்த வாகனத்தின் காப்பீட்டிலிருந்து மூன்றாம் நபரைப்போல் கோர அவர் குடும்பத்தாருக்கு வழியில்லாமற் போயிற்று. அண்ணன் கப்பலில் இருக்க, அவன் காரை ஆண்டு முழுதும் ஓட்டும் தம்பியை நினைத்துப் பாருங்கள். அவன் யார்மீதேனும் மோதினால் அந்த அயலானுக்குக் காப்பு உண்டு, காருக்கும் உண்டு. ஓட்டிய தம்பியே இறந்தால், அவனுடைய மனைவியும் குழந்தைகளும் அந்தப் பத்திரத்தை நம்பியிருக்க இயலாது.

இதற்கு மருந்து எளிது. வழக்கமாக ஓட்டுகிறவர் தம் பெயரில் தனியே ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கு வழியாகக் கிடைக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்திற்கு 18 முதல் 70 வயது வரை உள்ளோர் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால், விபத்து மரணத்திற்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. ஒரு குடும்பத்தின் எதிர்காலத்திற்கு அது போதாது எனினும் தொடக்கமாக அமையும். வசதியுள்ளோர் இதற்கு மேலும் எடுக்கலாம். சம்பளத்திற்கு ஓட்டுநர் வைத்திருப்போர், 50 ரூபாய் அளவிலான சிறு கூடுதல் கட்டணத்தால் அவருக்கான பொறுப்பையும் பத்திரத்தில் சேர்க்கலாம். நமக்காக இரவில் கண்விழித்து ஓட்டுகிற மனிதருக்கு அந்த 50 ரூபாயை மிச்சம் பிடிப்பது நீதியாகாது.

பிரீமியம் எப்படி அமைகிறது?

சொந்தச் சேதப் பகுதியின் கட்டணத்தை 2007 ஜனவரி முதல் நிறுவனங்களே வகுத்துக்கொள்கின்றன. ஆகவே இங்கே விலை கேட்டு ஒப்பிடுவது பயன் தரும். காரின் காப்பீட்டு மதிப்பே இதற்கு அடிப்படை. அதை ஐ.டி.வி. என்பர். கார் முழுதும் அழிந்தாலோ திருடு போனாலோ கிடைக்கும் உச்சத் தொகை அதுவே. இரண்டு ஆண்டு நிறைந்து மூன்று நிறையாத காருக்கு விலையில் 30 விழுக்காடும், நான்கு நிறைந்து ஐந்து நிறையாததற்கு 50 விழுக்காடும் தேய்மானமாகக் கழிக்கப்படுகிறது. பிரீமியம் குறைய வேண்டும் என்று இம்மதிப்பை மிகவும் குறைத்து எழுதச் சொல்வோர், நட்டம் வரும் நாளில் அந்தக் குறைந்த தொகையையே பெறுவர்.

பழுது பார்க்கும்போதும் கழிவு உண்டு. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றிற்குப் பாதி விலையே கிடைக்கும், கண்ணாடிக்குக் கழிவில்லை. 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 1,000 ரூபாயை உரிமையாளரே ஏற்க வேண்டும். தேய்மானக் கழிவு வேண்டாமெனில் அதற்கென்று கூடுதல் காப்பு உண்டு. புதுக் காருக்கு அது பயனுடையது. உப்புக் காற்றில் மெல்லத் துருவேறுவதும் நாள்பட்ட தேய்வும் எந்தக் காப்பிலும் அடங்கா.

கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கு நோ கிளைம் போனஸ் என்ற தள்ளுபடி சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கிறது. முதலாண்டு முடிவில் 20, பின்னர் முறையே 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தள்ளுபடிக்கு முன் பிரீமியம் 10,000 ரூபாய் என்றும், நாம் 50 விழுக்காட்டுத் தள்ளுபடியோடு 5,000 கட்டுகிறோம் என்றும் கொள்வோம். பம்பர் கீறலுக்குக் கோரிக்கை வைத்து, கழிவெல்லாம் போக 2,500 ரூபாய் பெறுகிறோம். அடுத்த ஆண்டு தள்ளுபடி முழுதும் போய்விடும். மற்றவை மாறாதிருந்தால், இனி வரும் ஐந்து ஆண்டுகளில் 10,000, 8,000, 7,500, 6,500, 5,500 என்று கட்ட நேரும். கூடுதலாகச் செல்வது 12,500 ரூபாய். சிறு கீறலை நம் கைப்பணத்தால் சரிசெய்து, பெரிய இழப்பிற்காகக் காப்பீட்டை வைத்துக்கொள்வதே விவேகம்.

இத்தள்ளுபடி காரைச் சேர்ந்ததன்று, உரிமையாளரைச் சேர்ந்தது. பழைய காரை விற்றுப் புதியது வாங்கினால் உடன் எடுத்துச் செல்லலாம். பத்திரம் முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிடில் அது அழிந்துபோகும்.

வெள்ளம் கற்பித்த பாடம்

2023 டிசம்பர் 17, 18 நாள்களை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. திருவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நடுவழியில் சிக்கினர். தூத்துக்குடித் தெருக்களில் கார்கள் நீரில் மூழ்கின. சொந்தச் சேதக் காப்பு உடையோருக்கு வெள்ளச் சேதம் காப்பில் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உடையோருக்கு அடங்காது.

முழுக் காப்பீடு இருந்தாலும் கைநழுவக்கூடிய ஓரிடம் உண்டு. நீர் வடிந்ததும் கார் ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்பினால், என்ஜினுக்குள் காற்று செல்லும் வழியே நீர் புகும். காற்றைப்போல நீரை அழுத்த இயலாதாகையால் உள்ளேயுள்ள தண்டுகள் வளைந்து என்ஜின் உடைந்துபோகும். இது வெள்ளம் நேரடியாகச் செய்த சேதமன்று, பின்னர் இயக்கியதால் விளைந்தது என்று நிறுவனம் மறுக்கலாம். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு இந்த இழப்பிற்கானது. தாழ்வான பகுதியில் வாழ்வோர் அதைக் கேட்டு வாங்குவது நலம். எப்படியாயினும், மூழ்கிய காரை இயக்காதீர்கள். படம் எடுத்து, நிறுவனத்திற்குத் தெரிவித்து, இழுத்துச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

கை மாறும்போது

காரை விற்றவர் பணம் பெற்றதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறார். ஆர்.சி.யில் அவர் பெயரே இருந்தால் சட்டத்தின் கண்ணில் அவரே உரிமையாளர். வாங்கியவர் ஏற்படுத்திய விபத்திற்கும் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பாளி என்று 2018-இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வாங்குகிறவர் 14 நாள்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டால், பத்திரம் மூன்று மாதமோ அதன் காலம் முடியும் வரையோ, எது முந்தியதோ அதுவரை செல்லும். துயரத்தில் மூழ்கிய வீட்டில் இதை நினைவூட்டுவது உற்றாரின் கடமை.

விபத்து நேர்ந்தால்

அடிபட்டவரை முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். உதவுகிறவருக்கு வழக்கு வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. நல்ல சமாரியன் என்ற நற்செய்திப் பெயரையே தாங்கி, 134-ஏ பிரிவு அவரைக் காக்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவுவது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டம், விபத்து நாளிலிருந்து ஏழு நாள்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. பின்னர் காவல் நிலையத்திற்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள். சாலையோரத்திலேயே சில ஆயிரங்களைக் கொடுத்துச் சமரசம் செய்துகொள்வது, அடிபட்ட ஏழையின் உரிமையைப் பறிப்பதாக முடியலாம்.

அன்பர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை உணவிற்குப் பின் முன்பெட்டியைத் திறந்து அந்தப் பத்திரத்தை மேசைமேல் விரியுங்கள். கார் யார் பெயரில் இருக்கிறது? அவருக்கு உரிமம் உண்டா? வீட்டில் ஓட்டுகிற ஒவ்வொருவரின் உரிமமும் எந்நாள் வரை செல்லும்? இரு பகுதிகளும் எந்நாளில் முடிகின்றன? வழக்கமாக ஓட்டுகிறவருக்கு ஒன்று நேர்ந்தால் அவர் வீட்டாருக்கு என்ன கிடைக்கும்? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை காண ஒரு மணி நேரம் போதும்.

பிரீமியம் கட்டும் நாளில், பயன்படாமற் போகும் பணம் என்று சலிப்பவர் உண்டு. அது பயன்படாமலே போகட்டும் என்பதுதான் நம் அனைவரின் மன்றாட்டு. ஆனால், அதிகாலையில் வலையைத் தோளில் போட்டுச் சாலையைக் கடக்கும் ஒரு மனிதருக்கும், அவர் கொண்டுவரும் மீனுக்காகக் காத்திருக்கும் வீட்டிற்கும், நாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த வாக்குறுதி அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. அவர் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாமலே கொடுத்த அந்த வாக்கு செல்லாக் காசாகிவிடாமல் பார்த்துக்கொள்வோம்.